குழந்தையோடு கப்பல் பயணம்: எதைத் தூக்கிப் போவது, எதைக் கப்பலிடம் விடுவது

பயணத்துக்குப் பெட்டி கட்டத் தொடங்கினாலே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வைக்கும் கட்சி ஒன்று. "எல்லாம் அங்கேயே கிடைக்கும், விடு" என்னும் கட்சி இன்னொன்று. தரைவழிப் பயணங்களில் பெரும்பாலும் இரண்டாவது கட்சிதான் ஜெயிக்கும். மறந்ததை ஹோட்டலுக்கு வெளியே நாலடி நடந்தால் வாங்கிவிடலாம். கடலில் அந்த நாலடி கிடையாது. சொகுசுக் கப்பலில் கடை உண்டு. வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும் டி-ஷர்ட்டும் அங்கே குவிந்து கிடக்கும். டயபர் இருந்தால் அதிர்ஷ்டம். அது உங்கள் குழந்தையின் அளவாகவும் இருந்தால் இரட்டை அதிர்ஷ்டம்.

அதற்காக முதல் கட்சி சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஜன்னலில்லாத சாதாரணக் கேபின் 14 முதல் 17 சதுர மீட்டர்தான் இருக்கும். கட்டில், மேசை, அலமாரி, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. நாலு பெட்டியோடு உள்ளே போனால் குழந்தை தவழத் தரை மிஞ்சாது.

நான் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கரை கண்ணுக்கே தெரியாத ஓர் இரவில், 11 மணிக்கு, இது இல்லையென்றால் என்ன ஆகும்? குழந்தையின் வயிற்றுக்குள் போவதும் உடம்பில் படுவதும் வீட்டிலிருந்தே முழுசாக வர வேண்டும் என்பது என் முடிவு. தொட்டில், நாற்காலி மாதிரி சாமான்கள் கப்பலின் பொறுப்பு. இந்த இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவற்றைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வயதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் 6 மாதம் நிறைந்த குழந்தையைத்தான் ஏற்றுக்கொள்கின்றன. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம். இங்கே பேசுவது அந்த ஆறு மாதத்திலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றி.

ஸ்ட்ரோலரா, கேரியரா?

பெரிய ஸ்ட்ரோலரின் சொகுசை மறுக்க முடியாது. அடியில் ஆழமான கூடை, கைப்பிடியில் பை மாட்ட இடம், குழந்தை காலை நீட்டித் தூங்க வசதி. ஆனால் பல கப்பல்களில் சாதாரணக் கேபின் கதவின் அகலம் சுமார் 58 செ.மீ.தான். டேப்பை எடுத்து உங்கள் வண்டியின் பின்சக்கரங்களை, வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை அளந்து பாருங்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று மடித்தாக வேண்டும். அது எப்படி இருக்கும் என்றால், தோளில் தூங்கும் குழந்தை, ஒரு கையில் கேபின் கார்டு. கதவு தானாகவே மூடிக்கொள்ளும் கனமான தீத்தடுப்புக் கதவு, அதை முழங்காலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையால், இரண்டு கை கேட்கும் மடிப்புப் பித்தானை அழுத்த வேண்டும். இது தினமும் ஐந்தாறு தடவை நடக்கும். நடைபாதையில் நிறுத்திவிட்டுப் போகவும் விடமாட்டார்கள். ஆபத்து நேரத்தில் அத்தனை பயணிகளும் ஓட வேண்டிய வழி அது. சக்கர நாற்காலிக்கென்று கட்டப்பட்ட கேபின்களின் கதவு 80 செ.மீ. போல அகலமாக இருக்கும். ஆனால் அவை தேவைப்படுகிறவர்களுக்கு உரியவை, அதில் கண் வைக்கக் கூடாது.

குடை மாதிரி ஒல்லியாக மடியும் ஸ்ட்ரோலர் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மடித்தால் கட்டிலுக்கடியிலோ அலமாரியிலோ நுழைந்துவிடும். அதற்கும் குறைகள் உண்டு. சாய்மானம் போதாது, சின்னச் சக்கரம் கல் பதித்த தெருவில் தடதடக்கும். பழைய நகரங்களில் அரைமணி நேரம் உருட்டினால் குழந்தைக்குப் பல் ஆடும், உங்களுக்கு மணிக்கட்டு ஆடும்.

குழந்தையை மார்பில் கட்டிச் சுமக்கும் பட்டையான கேரியரின் அருமை துறைமுகத்தில்தான் தெரியும். சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நங்கூரம் பாய்ச்சி நின்றுகொண்டு, டெண்டர் என்னும் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். ஆடுகிற படகில் ஏறும்போது ஸ்ட்ரோலரை மடிக்கச் சொல்வார்கள். குழந்தை மார்பில் கட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் உங்களுக்கு மிச்சம். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறலாம். ஆனால் பத்து கிலோ குழந்தையை வெயிலில் இரண்டு மணி நேரம் சுமந்தால் இருவருக்கும் வியர்த்து ஊற்றும், எரிச்சலும் ஏறும்.

வாடகை என்றொரு வழியும் உண்டு. சில கப்பல்கள் இரவலாகவோ வாடகைக்கோ கொடுக்கும். எண்ணிக்கை குறைவு, பழக்கப்படாத வண்டி, கரைக்கு எடுத்துப் போக அனுமதியும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இதை நம்ப மாட்டேன்.

ஒரு வயதுக்குக் கீழே என்றால் கேரியர் முதலில், இடம் இருந்தால் சின்ன ஸ்ட்ரோலர். ஒன்றிலிருந்து மூன்று வரை இரண்டும் வேண்டும்; ஒன்றை விட்டே ஆக வேண்டுமென்றால் பயணத்தில் எத்தனை டெண்டர் துறைமுகம் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்றைத் தாண்டிய குழந்தை "நான் நடப்பேன்" என்று வீட்டில் வீரம் பேசும். கப்பலின் நீளம் முந்நூறு மீட்டர். சாப்பாட்டுக் கூடம் ஒரு கோடி, கேபின் மறுகோடி. சின்ன ஸ்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டயபர் கணக்கும் நீச்சல் குளமும்

டயபருக்கு மூன்று வழி: வீட்டிலிருந்தே முழுசாகக் கொண்டுபோவது, கப்பல் ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய் அங்கே வாங்குவது, துணி டயபரை நம்புவது.

துணி டயபர் வீட்டில் எவ்வளவு நல்லதானாலும் கடலில் ஒத்து வராது. சலவையறை இல்லாத கப்பல்கள் பல. அழுக்கான துணி டயபரைக் கப்பலின் சலவைப் பிரிவு வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. சின்னக் குளியலறையில் அலசி, காற்றோட்டம் இல்லாத கேபினில் காயப்போட்டால் மூன்றாம் நாள் வாடை உங்களுக்கு முன்னால் வாசலில் நிற்கும்.

எண்ணிக்கையைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏழு என்று வையுங்கள். ஏழு இரவுப் பயணம், முன்னும் பின்னும் போக்குவரத்து சேர்த்து ஒன்பது நாள்: 63. வயிற்றுப்போக்கு வந்தால் என்னவென்று மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 84. மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பயணம் முழுக்கக் குறைந்துகொண்டே வரும் சாமான் இது. போகும்போது அடைத்த இடம் திரும்பும்போது காலி. கேபினுக்குள் வந்ததும் பாக்கெட்டைப் பிரித்துக் கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கிவிட்டால் பாதிப் பெட்டி மிச்சமாகிவிடும். குழந்தையின் எடை ஓர் அளவின் மேல்வரம்பை ஒட்டி இருந்தால் அடுத்த அளவையே வாங்குங்கள். கொஞ்சம் பெரிய டயபரோடு ஒப்பேற்றலாம், சின்னதோடு முடியாது. விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் சுலபம். ஆனால் கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்கினால் அது நடக்காது, முதல் நாளே சேர்ந்துவிட வேண்டும்.

பெற்றோர் பலர் கப்பலில் ஏறிய பிறகே கேள்விப்படுவது ஸ்விம் டயபர் விஷயம். டயபர் கட்டும் குழந்தைக்குப் பெரும்பாலான கப்பல்களின் பெரிய குளங்களில் அனுமதி இல்லை. ஸ்விம் டயபர் போட்டிருந்தாலும் இல்லை. இது குளத்தருகே நிற்கும் ஊழியரின் கெடுபிடி அல்ல. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களுக்கு, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம் வைத்திருக்கும் விதி. காரணம் நியாயமானது. ஸ்விம் டயபர் கெட்டியானதைத் தாங்கும், கிருமியைத் தடுக்காது. குளத்து நீரோ சுற்றிச் சுற்றி வருவது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

அப்படியானால் ஸ்விம் டயபரை விட்டுவிடலாமா? கூடாது. சில பெரிய கப்பல்களில் டயபர் குழந்தைகளுக்கென்றே வடிகட்டும் முறை தனியாக அமைந்த நீர் விளையாட்டுப் பகுதி இருக்கும்; அங்கே அதைப் போட்டுத்தான் விடுவார்கள். கடற்கரையில் இறங்கும் நாட்களுக்கும் வேண்டும். ஒரு பெரிய பாக்கெட்டுக்குப் பதில் துவைத்துப் போடும் ஸ்விம் டயபர் இரண்டு போதும். சாதாரண டயபரைப் போல அது ஊறி உப்பாது, அலசினால் காலைக்குள் காயும். குழந்தைக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்றால், பெட்டி கட்டுவதற்கு முன்னால், டிக்கெட் எடுக்கும்போதே அந்தத் தனிப் பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல கப்பல்களின் இலவசக் குழந்தைகள் மன்றம் மூன்று வயதில் தொடங்குகிறது; கழிப்பறைக்குத் தானாகப் போகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. ஜட்டி மாதிரி மாட்டும் புல்-அப் டயபரோடு விடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள் திரும்பி வருவார்கள். அதற்காகப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் அவசர அவசரமாகப் பழக்கவும் வேண்டாம். புதுக் கழிப்பறை, வெற்றிடத்தால் உறிஞ்சும் பயங்கரச் சத்தம். பழகிய குழந்தையே பயந்து பின்வாங்கும்.

பாலும் சோறும்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பகுதியில் பாதி தேவையில்லை. பம்ப் பண்ணிச் சேமிக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும். கேபினில் இருக்கும் சின்னக் குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் குளிர்பானத்தைக் குளிர்விக்கத்தான், அது நிஜமான ஃப்ரிட்ஜ் அல்ல. தாய்ப்பால் நாலு நாள் தாங்க வேண்டுமென்றால் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வேண்டும். உள்ளங்கை அளவில் ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் கொண்டுபோய் உள்ளே வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 8, 10 என்று காட்டினால் கேபின் பணியாளரிடம் மருந்துக்கான ஃப்ரிட்ஜ் கேளுங்கள்.

பவுடர் பாலா, கலந்து விற்கும் திரவப் பாலா என்பதுதான் நிஜமான தேர்வு. பவுடர் இலேசு, நாள்கணக்கில் வரும். ஆனால் அது கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும் தண்ணீரில் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சொந்தக் கெட்டிலைக் கேபினுக்குக் கொண்டுவர அநேகமாக எந்தக் கப்பலும் விடாது. சூடாக்கும் கம்பி உள்ள சாதனங்கள் பெரும்பாலும் தடை. சமையலறையிலிருந்து வரும் வெந்நீர்க் குடுவை நடைபாதை நடைபாதையாகக் கடந்து உங்களிடம் சேரும்போது எவ்வளவு சூடு இருக்கும் என்பது யார் கையில் இருக்கிறது? நல்ல ஃப்ளாஸ்க் ஒன்றைக் கொண்டுபோய், கொதிக்கும் நீரை அதில் நேரடியாக நிரப்பித் தரச் சொல்வது மேல். திரவப் பால் கிருமி நீக்கி அடைத்தது. மூடியைத் திறந்து கொடுக்க வேண்டியதுதான். எடையோ கொல்லும். இரண்டையும் கலந்து வைப்பதே என் வழி: பகலுக்குப் பவுடர், இரவுக்கும் துறைமுக நாட்களுக்கும் திரவப் பால். ஆறு ஏழு மாதக் குழந்தையென்றால் முழுக்கத் திரவப் பாலாகவே போனாலும் தப்பில்லை, முதுகு தாங்கினால்.

பால் பாட்டிலைக் கிருமி நீக்க, கேபினில் மைக்ரோவேவ் இல்லாததால் நீராவிப் பைகள் பயன்படாது. மின்சார ஸ்டெரிலைசர் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகலாம். மிஞ்சுவது மாத்திரை. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குளிர்ந்த நீர் ஊற்றி, கிருமிநீக்கி மாத்திரையைக் கரைத்து, பாட்டிலையும் நிப்பிளையும் காற்றுக் குமிழி தங்காமல் முழுக்க அமிழ்த்தி அரைமணி நேரம் வைத்தால் போதும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். டப்பாவுக்குள் பாட்டில், பிரஷ், சின்ன சோப்புக் குப்பி என்று எல்லாம் அடங்கிப் பெட்டியில் வரும். இதை மிஞ்சும் ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

திட உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, உடைக்காத குழந்தை உணவுப் பொட்டலங்களுக்கு அனுமதி உண்டு. மசித்துக் கேட்டால் சமையலறை மசித்துத் தரும். ஆனால் உப்பு போடுவதற்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். பொட்டலங்களைத் துறைமுக நாளுக்கும், குழந்தை எதையும் தொடமாட்டேன் என்று அடம் பிடிக்கும் நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உயர நாற்காலி எல்லாக் கூடத்திலும் இருக்கும். ஒவ்வாமை இருந்தால் பெட்டி கட்டும்போது அல்ல, பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தூக்கம்

மடிக்கும் தொட்டிலை நீங்களே கொண்டுபோவதா, கப்பலுடையதைக் கேட்பதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து கிலோ சுமையை எதற்குத் தூக்க வேண்டும்? பெரும்பாலான கப்பல்கள் கட்டணமில்லாமல் தருகின்றன. எண்ணிக்கைக்கு எல்லை உண்டு என்பதால் டிக்கெட் எடுத்த அன்றே கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வர வேண்டியது அதன் மேல் விரிப்பதும் குழந்தை உடுத்தித் தூங்குவதும்தான்: துவைக்காமல் இரண்டு நாள் பயன்படுத்திய, வீட்டு மணம் உள்ள ஓர் இறுக்க விரிப்பு, ஒரு தூக்க உறை. ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலையணையோ போர்வையோ பொம்மையோ தொட்டிலுக்குள் வேண்டாம் என்பது கடலிலும் மாறாது.

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகல் தூக்கத்துக்கு இதைவிட வரம் இல்லை. நடு இரவில் டயபர் மாற்றத்தான் திண்டாட்டம். பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு ஒன்று போதும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும். நாலு கொக்கி கொண்டுபோனால் விளக்கு, ஈரத் துணி, தொப்பி, டயபர் பை எல்லாம் தரையை விட்டு மேலேறிவிடும். பால்கனி கேபின் எடுத்திருந்தால், கதவின் மேல் தாழ் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். பால்கனி நாற்காலிகளைக் கம்பியருகே விடாதீர்கள். வேண்டாமென்றால் பணியாளர் எடுத்துவிடுவார்.

குழந்தையைக் கண்காணிக்கும் கேமரா? விடுங்கள். எஃகுச் சுவர் அலையை மறைக்கும். அதோடு, கேபினில் எங்கே நின்றாலும் தொட்டில் இரண்டடி தூரத்தில்தான் இருக்கும்.

பிளக் பாயிண்ட்

பழைய கப்பல் கேபினில் ஒன்றிரண்டு பிளக் பாயிண்ட்தான். உடனே ஒரு பவர் ஸ்ட்ரிப்பை எடுத்து வைப்போம். அது மின்னழுத்தம் திடீரென எகிறும்போது சாதனத்தைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் வகை என்றால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், எடுப்பதும் சரி. கரையிலுள்ள வீட்டு மின் இணைப்பில் இரண்டு கம்பிகளில் ஒன்று பூமியோடு இணைக்கப்பட்ட நியூட்ரல். கப்பலில் பொதுவாக இரண்டில் எதுவும் கப்பலின் எஃகு உடற்பகுதியோடு இணைந்திராது. தரைக்கென்று செய்த சர்ஜ் புரொடெக்டர் அங்கே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. அந்த வகையல்லாத மல்டி பிளக்கைக்கூட இப்போது சில நிறுவனங்கள் தடுக்கின்றன. நாலு யூஎஸ்பி துளையுள்ள ஒரு சார்ஜர்தான் சண்டையில்லாத தேர்வு. குழந்தைப் பொருட்களை வாங்கும்போதே யூஎஸ்பியிலோ பேட்டரியிலோ ஓடுபவையாகப் பார்த்தால் இந்தத் தலைவலியே இல்லை.

துணிமணி

இது முழுக்கச் சலவையறையைப் பொறுத்தது. கார்னிவல், டிஸ்னி, பிரின்சஸ் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் காசு கொடுத்து நாமே துவைக்கும் அறை பெரும்பாலும் உண்டு. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்களில் கிடையாது. இருந்தால் பாதி நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு நடுவில் ஒருமுறை துவைக்கலாம். இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரண்டு உடை, மொத்தத்துக்கு மேல் மூன்று. குழந்தைத் துணி இடம் அடைக்காது. கணக்குப் பார்க்க வேண்டியது நம் துணியில்தான். வெப்ப மண்டலக் கடலுக்குப் போனாலும் கப்பலுக்குள் ஏசி உறைய வைக்கும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று அவசியம். முழுக்கை நீச்சலுடை இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று போடலாம்.

மருந்தில் பேரம் இல்லை

இங்கே ஒப்பிட எதுவும் இல்லை. கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணமும் உண்டு. நம் வழக்கமான காப்பீடு பல நேரம் அங்கே செல்லாது, பயணக் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும். குழந்தைக்கான மருந்து எல்லாம் அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. காய்ச்சல் மருந்து, அதன் அளவுச் சிரிஞ்ச், தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், டயபர் புண் களிம்பு, வழக்கமான மருந்தும் அதன் சீட்டும். குழந்தையின் இப்போதைய எடையை மருந்துப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, தூக்கக் கலக்கத்தில் யோசிக்க முடியாது.

கடல் மயக்கம் இரண்டு வயதுக்குக் கீழே அரிது, இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். மாத்திரை எது, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையைக் குழந்தைக்கு ஒட்டவே கூடாது. மாத்திரையைவிட முந்திய வைத்தியம் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுப்பது.

கைக்கு சானிடைசரா, சோப்பா என்றால் சோப்புதான். கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸை ஆல்கஹால் சானிடைசர் சரியாக அழிப்பதில்லை. தேய்த்துக் கழுவினால்தான் போகும். காகிதத் தாள் போன்ற சோப்பு ஒரு டப்பி கைப்பையில் இருந்தால் எங்கே குழாய் கண்டாலும் கழுவிவிடலாம். சன்ஸ்கிரீன் ஆறு மாதத்துக்கு மேல்தான், அதற்குக் கீழே நிழலும் தொப்பியும். பவளப்பாறை உள்ள கடலுக்குப் போகிறீர்கள் என்றால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாக வாங்குங்கள். பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் இவை கலந்தவற்றை விற்கத் தடை கொண்டுவந்தன. ஜிங்க் ஆக்ஸைடு வகை குழந்தைத் தோலுக்கும் மென்மையானது.

மிச்சம் மீதி

ஆபத்துக்கால உயிர்காப்பு அங்கியைக் கொண்டுபோக வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் பொருந்தும் அங்கி வைத்திருக்க வேண்டும் என்பது கடல் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, அதற்கு மேல் 43 கிலோ வரை சிறுவர் அளவு. கேபினுக்கு வந்ததும் இந்த அளவில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேளுங்கள். குளத்தில் விளையாடப் போடும் நீச்சல் அங்கி வேறு. டயபரை விட்ட இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைக்குப் பழகிய அங்கி இருந்தால் கொண்டுபோவது நல்லது. கப்பலில் இரவல் கிடைத்தாலும் கூட்ட நேரத்தில் சரியான அளவு கிடைக்காது. காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் பல குளங்களில் அனுமதி இல்லை.

குளியல்: சாதாரணக் கேபினில் ஷவர்தான், தொட்டி இல்லை. ஷவரைக் கண்டால் அலறும் குழந்தையா, காற்றடைக்கும் சின்னத் தொட்டி ஒன்று மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மக்கு போதும். கார் இருக்கை: கரையில் டாக்ஸியில் போவதாக இருந்தால் மட்டும். ஒரு நாள் டாக்ஸிக்காக ஒரு வாரம் கேபினில் அதை இடறிக்கொண்டு திரிவதைவிட, நடந்தோ பெரிய பேருந்திலோ சுற்றும்படி அந்த நாளைத் திட்டமிடலாம். பொம்மை: ஸ்டிக்கர், ஒரு படப் புத்தகம், ஒரு பழைய பொம்மை.

கடைசியாக, எந்தப் பையில் எது என்பது. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி கேபின் வாசலுக்கு வரச் சாயங்காலம்கூட ஆகலாம். அதனால் ஒரு நாள் முழுக்கத் தேவையான டயபர், பால், மருந்து, நீச்சலுடை, மாற்றுடை, பாஸ்போர்ட் எல்லாம் தோள் பையில்தான் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறார் என்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் அதிலேயே. முடியும் இரவிலும் இதே பாடுதான்: பெரிய பெட்டிகளை இரவு பத்து பதினொன்றுக்குள் வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் காலைக்கு வேண்டியதை, குழந்தையின் செருப்பு உட்பட, எடுத்து வைத்துக்கொண்ட பிறகு ஜிப்பை மூடுங்கள். அப்படிச் செய்ய முடியாது, சாமானைக் கையோடு வைத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் அனுமதி உண்டு. ஆனால் குழந்தையையும் பெட்டியையும் சேர்த்து நீங்களே இறக்க வேண்டும். சின்ன ஸ்ட்ரோலரும் இரண்டே பெட்டியும் என்றால் அந்த வழியில் வரிசையில் நிற்காமல் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம்.